தன் நூலுக்குத் தானே பாயிரம்: சமூகப் புத்தகக்குறித் தளங்களின் வரலாறு

தமிழிலக்கணம் பயின்றோர் அனைவரும் நன்னூலின் பாயிரப் பகுதியைக் கடந்தே வந்திருப்பர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் அப்பகுதியில் ஒரு வினாவுக்கு விடை கூறுகிறார். ஒரு நூலின் சிறப்பை உலகுக்கு எடுத்துச் சொல்லத் தகுதியுடையவர் யார்? நூலை இயற்றியவரின் ஆசிரியர், அவரோடு உடன் பயின்றவர், அவருடைய மாணவர், நூலுக்கு உரைகாணத் தகுந்தவர் ஆகியோரே அதற்கு உரியர் என்பது அவர் தரும் வரிசை. எத்துணை அரிய நூலை இயற்றினாலும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகுதியன்று என்றும் அவர் கூறுகிறார். ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நான்கு இடங்களை விலக்காகத் தருகிறார். அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதார் நடுவே நிற்கும்போது, பேரவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது ஆகியவையே அவை.

இவற்றுள் இரண்டாவது விலக்கை இணையத்தில் எழுதுவோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தன் ஆற்றலை அறியாதார் நடுவே நிற்பதுதான் புதிதாக எழுத வரும் ஒவ்வொருவரின் நிலையும். எழுதியதை வெளியிட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் வெளியானது என்பதையே எவரும் அறியமாட்டார். இந்த இக்கட்டுக்கு 2003 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மருந்தாகக் கருதப்பட்டவை சமூகப் புத்தகக்குறித் தளங்கள். அவை எதற்காகத் தோன்றின, எழுதுவோர் அவற்றை எவ்வாறு பயன்படுத்தினர், அப்பயன்பாட்டினால் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனக்காக இட்ட குறி

படித்த இடம் மறந்துபோகாமல் இருக்க ஏட்டுச்சுவடியில் நூலை இழுத்துவிட்டு வைப்பதும், புத்தகத்தில் மயிலிறகோ பேருந்துச் சீட்டோ வைப்பதும் நாம் அறிந்தவை. இணைய உலாவிகள் தோன்றிய 1990களின் தொடக்கத்திலேயே இதற்கு இணையான வசதியும் வந்துவிட்டது. ஆனால் அக்குறிகள் அவரவர் கணினிக்குள்ளேயே அடங்கிக் கிடந்தன. ஒருவர் வாசித்த தடம் இன்னொருவருக்குப் பயன்படவில்லை.

அது பயன்பட வேண்டும் என்ற எண்ணம் கணினிக்கும் முற்பட்டது என்றே சொல்லலாம். அமெரிக்க அறிவியலாளர் வன்னேவர் புஷ் 1945 ஜூலையில் அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையொன்றில் மெமெக்ஸ் என்னும் கற்பனைக் கருவியை விவரித்தார். ஒருவர் தாம் வாசித்த ஆவணங்களை ஒன்றோடொன்று கோத்துத் தடங்களாகச் சேமித்து வைப்பார். அத்தடங்களைப் பிறருக்கும் வழங்குவார். பரந்து கிடக்கும் ஆவணக் காட்டில் பயனுள்ள தடங்களை அமைத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டோர் உருவாவர் என்றும் அவர் எதிர்பார்த்தார்.

அந்த எதிர்பார்ப்பு ஓரளவு நிறைவேறியது 2003ஆம் ஆண்டில்தான். ஜோஷுவா ஷாக்டர் என்பவர் அப்போது நியூயார்க்கில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். தாம் திரட்டிய சுட்டிகளை அவர் ஒரே எழுத்துக் கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். கோப்பு பெருகியதும், பின்னர் தேடி எடுக்க வசதியாக ஒவ்வொரு சுட்டியின் அருகிலும் ஓரிரு சொற்களைக் குறித்து வைக்கலானார். அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததே டெலிசியஸ் தளம். ஒருவர் தம் புத்தகக்குறிகளை அதில் பொதுவில் சேமிக்கலாம். தமக்குத் தோன்றிய குறிச்சொற்களை அவற்றுக்கு இடலாம். ஒரே பக்கத்தை வேறு எத்தனை பேர் சேமித்துள்ளனர் என்பதும் கண்ணில் படும். நூலகர் வகுத்த பகுப்புமுறை இல்லாமல் பொதுமக்களே பெயரிட்டு வகைப்படுத்தும் இம்முறைக்கு 2004இல் தாமஸ் வாண்டர் வால் 'ஃபோக்சானமி' என்று பெயரிட்டார். யாஹூ நிறுவனம் 2005 டிசம்பரில் டெலிசியஸை வாங்கியது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் 53 லட்சம் பயனர்களும் 18 கோடிச் சுட்டிகளும் இருப்பதாக அத்தளம் அறிவித்தது.

டெலிசியஸில் ஒரு பக்கத்தை நூறு பேர் சேமித்திருந்தால் அந்த எண் ஏன் நம்பத்தக்கதாயிற்று? அவர்கள் அதைப் பிறர் பார்ப்பதற்காகச் சேமிக்கவில்லை. தமக்கு மீண்டும் தேவைப்படும் என்று கருதியே சேமித்தனர். பரிந்துரைக்கும் எண்ணமே இல்லாமல் இட்ட குறி என்பதால்தான் அது நல்ல பரிந்துரையாயிற்று. நன்னூலார் வரிசைப்படுத்தும் நால்வரும் நூலைக் கற்றவர்கள் அல்லது கற்கும் தகுதியுடையவர்கள். இங்கும் குறியிட்டவர் முதலில் வாசகர். சான்று கூறுபவர் என்பது அதற்குப் பிறகு வந்தது.

வாக்குப்பெட்டி வந்தது

இதற்குச் சற்றே மாறுபட்ட வேறொரு வகையும் அக்காலத்தில் எழுந்தது. கெவின் ரோஸும் அவருடைய கூட்டாளிகளும் 2004 டிசம்பரில் தொடங்கிய டிக் தளத்தில் சேமிப்பது முக்கியமன்று, வாக்களிப்பதே முக்கியம். யார் வேண்டுமானாலும் ஒரு சுட்டியைச் சமர்ப்பிக்கலாம். பிறர் பிடித்திருந்தால் ஆதரவு வாக்கு அளிப்பர். பிடிக்காவிட்டால் புதைக்கச் சொல்வர். குறுகிய நேரத்துக்குள் போதிய வாக்குகள் குவிந்தால் அச்சுட்டி முகப்புப் பக்கத்துக்கு ஏறும். ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும் 2005 ஜூனில் தொடங்கிய ரெட்டிட் தளமும் இவ்வழியதே. 2001இல் கனடாவில் உருவான ஸ்டம்பிள்அப்பான் வேறொரு முறையைக் கையாண்டது. பொத்தானை அழுத்தினால் பயனரின் விருப்பத்துக்கேற்ற ஏதேனும் ஒரு பக்கத்தை அது அவர்முன் கொண்டுவந்து நிறுத்தும். அவர் அதை ஆதரிக்கவோ ஒதுக்கவோ செய்வார்.

டிக் தளத்தின் முகப்பில் இடம்பெற்ற சிறு வலைப்பதிவுகளுக்குச் சில மணிநேரத்தில் பல்லாயிரம் பேர் வந்து சேர்ந்தனர். அந்த நெரிசலைத் தாங்காமல் வழங்கிக் கணினிகள் முடங்கிப்போவதும் வழக்கமாக இருந்தது. அதுவரை நாளொன்றுக்குப் பத்துப் பேர் படித்துவந்த ஒருவருக்கு இது எத்தகைய ஆசையைத் தூண்டியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எழுதியவரே தம் இடுகையைச் சமர்ப்பிக்கத் தொடங்கினார். இதை உடனே இழிவாகக் கருதிவிடலாகாது. நன்னூலின் இரண்டாவது விலக்கு இவருக்கும் பொருந்தும். மேலும் நம் இலக்கண மரபில் தற்சிறப்புப் பாயிரம் என்ற ஒன்று உண்டு. கடவுள் வணக்கத்தையும், நூலில் தான் சொல்லப்போகும் பொருளையும் ஆசிரியரே கூறுவது அது. அதில் எவருக்கும் மறுப்பில்லை. 'இப்படியொன்று எழுதியிருக்கிறேன், இன்னதைப் பற்றியது' என்று தன் பெயரிலேயே ஒருவர் அறிவிப்பது அந்த எல்லைக்குள் அடங்கும்.

சிக்கல் தொடங்கியது அடுத்த அடியில். அறிவித்தால் மட்டும் முகப்புக்கு ஏற முடியாது, வாக்குகள் வேண்டும். வாக்குகள் பிறருடையவை. எனவே அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது தானே பிறராக மாற வேண்டும்.

இரவல் குரல்கள்

தானே பிறராக மாறுவது இணையம் கண்டுபிடித்த உத்தி அன்று. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தம் 'புல்லின் இதழ்கள்' தொகுப்பை வெளியிட்டபோது, அதற்குப் பெயரிடாத மதிப்புரைகளைத் தாமே எழுதி இதழ்களில் வெளியிட்டார். பெருங்கவிஞராக அவர் நிலைபெற்றுவிட்டதால் அதை இன்று புன்னகையோடு நினைவுகூர்கிறோம். ஆயினும் அன்று அம்மதிப்புரையைப் படித்த வாசகர், நூலை நடுநிலையில் நின்று படித்த ஒருவரின் கருத்து அது என்றே நம்பியிருப்பார்.

புத்தகக்குறித் தளங்களில் இது எளிதாயிற்று. ஒருவரே பல கணக்குகள் தொடங்கலாம். ஒவ்வொன்றிலிருந்தும் தம் இடுகைக்கு வாக்களிக்கலாம். தளங்கள் இதைக் கண்டறியத் தொடங்கியதும் வாக்களிப்புக் குழுக்கள் தோன்றின. பத்துப் பதினைந்து பேர் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்வர். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் அனைவரும் வாக்களிப்பர். நண்பர்களுக்குக் குரல்கொடுத்து வாக்குக் கேட்கும் வசதியையே டிக் தளம் 2007இல் அளித்தது. வேண்டுகோள்கள் மலையாகக் குவிந்ததும் 2009இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

குழுக்களுக்கு அடுத்தபடி சந்தை வந்தது. இதழாளர் அன்னலீ நியூவிட்ஸ் 2007 மார்ச்சில் வயர்டு இதழில் ஒரு சோதனையை விவரித்தார். கூட்டங்களின் படங்களையும், பொருளற்ற, வேண்டுமென்றே மோசமாக எழுதப்பட்ட வரிகளையும் கொண்டு ஒரு வலைப்பதிவை அவர் உருவாக்கினார். பிறகு வாக்குகளை விலைக்கு விற்கும் ஒரு சேவைக்குப் பணம் செலுத்தினார். அந்த வலைப்பதிவு டிக் தளத்தில் பிரபலமானவற்றின் வரிசையில் ஏறிவிட்டது. பணம் பெறாத பலரும் அதற்கு வாக்களித்ததே இதில் நாம் கவனிக்க வேண்டியது. பலர் வாக்களித்திருக்கின்றனர் என்ற ஒன்றே மேலும் பலர் வாக்களிக்கப் போதுமான காரணமாகிவிட்டது. வயர்டு இதழின் உரிமையாளரான காண்டே நாஸ்ட் நிறுவனமே அப்போது டிக்கின் போட்டியாளரான ரெட்டிட்டையும் வைத்திருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்த ரெட்டிட்டும் குறையற்றதன்று. தொடக்க நாட்களில் தளம் வெறிச்சோடித் தெரியாமலிருக்கத் தாங்களே பல போலிப் பெயர்களில் சுட்டிகளைச் சமர்ப்பித்ததாக அதன் நிறுவனர் ஹஃப்மன் 2012இல் வெளிப்படையாகவே கூறினார்.

தேடுபொறியைக் குறிவைத்தவர்கள்

வாசகரைத் தேடியவர்களோடு, தேடுபொறியை ஏமாற்ற வந்தவர்களும் இத்தளங்களுக்குள் புகுந்தனர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கூகுள் அதன் மதிப்புக்கு ஓர் அளவுகோலாகக் கொண்டிருந்தது. புத்தகக்குறித் தளங்களில் இலவசமாகச் சுட்டி இடலாம் என்பதால், ஒரே நேரத்தில் பல தளங்களில் சுட்டியைப் பதிந்து தரும் மென்பொருள்களும் சேவைகளும் பெருகின. இவற்றால் இடப்பட்ட குறிகளை எவரும் வாசிக்கப்போவதில்லை, இட்டவர்களும் வாசித்ததில்லை.

இதன் அளவை ஒரு செய்தியால் உணரலாம். ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகத்தினர் ஆய்வாளர்களுக்காக நடத்திவந்த பிப்சானமி என்னும் புத்தகக்குறித் தளத்தின் தரவுகள் 2008இல் ஓர் ஆய்வுப் போட்டிக்காக வெளியிடப்பட்டன. வேண்டாச் சுட்டிகளை இடுவோரைக் கணினியால் கண்டறிவதே போட்டி. அத்தரவுகளில் இருந்த கணக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை விளம்பரதாரர்களுடையவை. ஆய்வாளர்களுக்கென அமைந்த ஒரு தளத்தின் நிலையே இதுவெனில் மற்றவற்றைக் கேட்க வேண்டியதில்லை.

தேடுபொறிகளும் வாளாவிருக்கவில்லை. குறிப்பிட்ட சுட்டியை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டாம் என்று அறிவிக்கும் 'நோஃபாலோ' குறியீடு 2005 ஜனவரியில் அறிமுகமாயிற்று. புத்தகக்குறித் தளங்கள் பலவும் காலப்போக்கில் அதை ஏற்றன. 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்த பெங்குவின் மாற்றம் செயற்கையாகச் சுட்டிகளைக் குவித்த தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. அதன்பின் இத்தொழிலில் ஈடுபட்டோருக்குக் குறியிடுவதால் ஆதாயம் குறைந்தது. தாங்கள் நிரப்பிய குப்பையை அங்கேயே விட்டுவிட்டு அவர்கள் வேறிடம் தேடிச் சென்றனர்.

தமிழில் நடந்தது

தமிழ் வலைப்பதிவுகளுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம், பதிவர்களின் புதிய இடுகைகளைத் தானே திரட்டிக் காட்டிய திரட்டி. ஒருங்குறியில் எழுதத் தொடங்கியிருந்த, உலகின் பல மூலைகளில் சிதறிக் கிடந்த தமிழர் ஒருவரையொருவர் கண்டடைய அது வழிவகுத்தது. பின்னாளில் அதில் வாசகர் வாக்களிப்பும் சேர்ந்தது. டிக் தளத்தை ஒத்த அமைப்புடன், பயனர்களே சுட்டிகளைச் சமர்ப்பித்து வாக்களிக்கும் தமிழிஷ் தளமும் வந்தது. அதுவே பின்னர் இன்ட்லி என்று பெயர் மாறியது.

இடுகையின் அடியில் ஓட்டுப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்த அந்நாட்களை நினைவுகூர்வோர் 'த.ம. 7' என்ற பின்னூட்டத்தையும் மறந்திருக்கமாட்டார்கள். தமிழ்மணத்தில் ஏழாவது வாக்கைத் தாம் அளித்துவிட்டதை அறிவிக்கும் வாசகம் அது. இடுகையில் சொல்லப்பட்டதைப் பற்றி ஒரு சொல்லும் இராது. ஆனால் அதற்குள் ஒரு செய்தி உண்டு. நான் வந்தேன், வாக்களித்தேன், நீங்களும் என் பதிவுக்கு வாருங்கள் என்பதே அது. நம் ஊரில் மொய் எழுதும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மொய் நோட்டில் எழுதப்பட்ட தொகை மணமக்களின் அழகையோ விருந்தின் சுவையையோ குறிப்பதன்று. திருப்பிச் செய்ய வேண்டிய கடனைக் குறிப்பது. உறவைப் பேணும் ஏற்பாடு என்ற வகையில் மொய்க்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் மொய்க்கணக்கைப் பார்த்து எந்தக் கட்டுரை நல்ல கட்டுரை என்று ஒருவர் அறிய முயன்றால் அவர் ஏமாந்துபோவார்.

அதேவேளை, இந்தக் கொடுக்கல் வாங்கலை நகைத்து ஒதுக்குவதும் முறையன்று. அச்சிதழ்களின் கதவு திறக்கப்பெறாத எத்தனையோ பேருக்கு முதல் பத்து வாசகர்களைத் தந்தது அதுவே. முதல் பின்னூட்டம் தந்த ஊக்கத்தில் தொடர்ந்து எழுதி, எழுத எழுதத் தேர்ந்தவர் பலர். திரட்டியின் முகப்பைக் கணக்கில் கொள்ளாமல், பத்துப் பேர் படித்தால் போதும் என்று நுணுக்கமாக எழுதிவந்த சிலர் அந்தப் பெருக்கில் கண்ணில் படாமலே போனதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சரிவு

டிக்கின் வீழ்ச்சி இவ்வரலாற்றில் மிகவும் படிப்பினை தரும் பகுதி. 2010 ஆகஸ்டில் அத்தளம் தன் நான்காம் வடிவத்தை வெளியிட்டது. புதைக்கும் வாக்கு அதில் நீக்கப்பட்டது. மேலும், பதிப்பாளர்கள் தங்கள் ஓடையை இணைத்துவிட்டால் அவர்கள் வெளியிடுவதெல்லாம் தானாகவே சமர்ப்பிக்கப்படும் என்ற ஏற்பாடும் வந்தது. அதாவது, தன் நூலுக்குத் தானே பாயிரம் எழுதுவது எவரும் கைதொடாமலே நடக்கும் இயந்திரச் செயலாயிற்று. பெருநிறுவனங்களின் சுட்டிகள் முகப்பை நிறைத்தன. சினங்கொண்ட பயனர்கள் போட்டித் தளமான ரெட்டிட்டின் சுட்டிகளையே டிக் முகப்பில் நிரப்பி எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் பலர் அங்கேயே குடிபெயர்ந்தனர். 2012 ஜூலையில் டிக் பீட்டாவொர்க்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது அதன் விலை 5 லட்சம் டாலர் என்று செய்தி வெளியானது.

டெலிசியஸின் முடிவு வேறுவகையானது. யாஹூ அதை மூடிவிடப் போவதாக 2010 டிசம்பரில் செய்தி கசிந்தது. மூடப்படாமல் 2011இல் கைமாறியது; பிறகும் சிலமுறை கைமாறி, 2017 ஜூனில் 35,000 டாலருக்கு விலைபோனது. வாங்கியவர் பின்போர்டு என்ற சிறு புத்தகக்குறிச் சேவையை 2009 முதல் நடத்திவந்த மச்சே செக்வோவ்ஸ்கி. கூச்ச சுபாவமுள்ளோருக்கான புத்தகக்குறிச் சேவை என்பதே அவர் தம் தளத்துக்குக் கொடுத்த அறிமுகம். சேர்வதற்குக் கட்டணம் உண்டு. முகப்புக்கு ஏறும் பந்தயம் கிடையாது. ஆகவே தன்னை விளம்பரப்படுத்த வருவோருக்கு அங்கு வேலையும் இருக்கவில்லை. ஸ்டம்பிள்அப்பான் 2018 ஜூனில் மூடப்பட்டது. ஆய்வாளர்கள் பயன்படுத்திய சைட்யூலைக் 2019இல் நின்றது.

ரெட்டிட் மட்டும் வளர்ந்து 2024 மார்ச்சில் பங்குச்சந்தைக்கே வந்தது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் பொருளோடு தொடர்புடையது. ஒருவர் இடும் சுட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று மட்டுமே தம்முடையதாக இருக்கலாம் என்ற வழிகாட்டுதலை அது நெடுங்காலம் கொண்டிருந்தது. தன்னுடையதை ஒருமுறை சொல்ல விரும்புபவர் முதலில் பிறருடையதை ஒன்பதுமுறை வாசித்துச் சொல்ல வேண்டும். அதன் உட்குழுக்கள் பலவற்றின் தன்னார்வக் கண்காணிப்பாளர்களும் இதைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்தினர்.

மீண்டும் பாயிரம்

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கையில், நன்னூலார் வகுத்த எல்லை எத்துணை நுட்பமானது என்பது விளங்குகிறது. அறியாதார் நடுவே ஒருவன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதை அவர் தடுக்கவில்லை. அங்கே பேசுபவன் யார் என்பது கேட்போருக்குத் தெரியும். அதற்கேற்ப அவர்கள் அச்சொல்லை எடைபோட்டுக்கொள்வர். பிறர் சொல்ல வேண்டியதை அவர்கள் பெயரில் தானே சொல்லிக்கொள்ள மட்டும் அவர் எங்கும் இடந்தரவில்லை. புத்தகக்குறித் தளங்களைக் கெடுத்தது எழுத்தாளரின் தற்புகழ்ச்சி அன்று. போலிக் கணக்கும், வாக்கு மாற்றும், விலைக்கு வாங்கிய ஆதரவும், படிக்காமலே இட்ட குறியும் சேர்ந்தே அவற்றைக் கெடுத்தன. இவையனைத்தும் இரவல் குரலில் எழுதப்பட்ட சிறப்புப் பாயிரங்கள்.

இழப்பு அத்தளங்களின் உரிமையாளர்களுக்கு மட்டும் உரியதன்று. முன்பின் அறியாத நூறு பேர் தமக்காகக் குறித்து வைத்த பக்கத்தை நம்பிச் சென்று படிக்கும் வாய்ப்பை வாசகர் இழந்தார். அதைவிடப் பெரிய இழப்பு புதிதாக எழுத வருபவருக்கே நேர்ந்தது. எண்ணிக்கையை எவரும் நம்பாத இடத்தில், உண்மையாகவே நூறு பேரைக் கவர்ந்த கட்டுரைக்கும் தனி மதிப்பு இல்லை.

இன்று முகநூலிலும் எக்ஸ் தளத்திலும் வாட்சப் குழுக்களிலும் நாம் சுட்டிகளைப் பகிர்கிறோம். விருப்பக்குறிகள் பழைய வாக்குகளின் வேலையைச் செய்கின்றன. பழைய நோய்களும் உடன் வந்திருக்கின்றன. எழுதுவோர் தம் எழுத்தைத் தம் பெயரில் தயங்காமல் அறிவிக்கட்டும். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. வாசிப்போர் ஒரு கட்டுரையை முழுதும் படித்தபின், அது தமக்குப் பயன்பட்டிருந்தால், ஏன் பயன்பட்டது என்ற ஒரு வரியோடு இன்னொருவருக்கு அனுப்பட்டும். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், நூல் நுவலும் பொருள், கேட்போர், பயன் என்று சிறப்புப் பாயிரம் கூற வேண்டியவற்றை நன்னூல் பட்டியலிடுகிறது. அவற்றுள் கடைசி இரண்டையேனும் சொல்லும் பழக்கம் நம்மிடையே ஏற்பட்டால், யாருக்கு அனுப்புகிறோம், எதற்காக அனுப்புகிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்திருப்போம். எழுதியவருக்கு வாக்கைவிட அதுவே பெரிய உதவி.